கோரல் பிறந்த குகை

பள்ளிக்கூடச் சமையலறைச் சுவரில் சுரங்கக் கம்பெனி கொடுத்த நாட்காட்டி ஒன்று தொங்கியது. அதில் ஆகஸ்ட் மாதத்துக்கு வில்மாவின் படம். ஆரஞ்சுச் சட்டை, வெள்ளைத் தொப்பி, பின்னால் சிவப்பு மலை. கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டு நிற்கிறாள். அங்கே சமையல் வேலை செய்த கோரல் அந்த ஆணியில்தான் தினமும் பாத்திரம் துடைக்கும் துண்டை மாட்டினாள். அந்த அறையில் வேறு மூன்று ஆணிகள் சும்மா இருந்தன. மாதம் முழுக்க வில்மா ஈரத்துண்டுக்குப் பின்னாலேயே கிடந்தாள். செப்டம்பர் பிறந்து ஒரு கங்காருவின் படம் வந்ததும் துண்டு பழைய ஆணிக்குப் போய்விட்டது.

வில்மா ஒன்றும் வேற்றாள் இல்லை, சித்தி மகள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளான அந்த ஜனங்களின் கணக்கிலும் நம் கணக்கைப் போலவே சித்தி மகள் தங்கைதான். கோரலுக்கு அறுபத்தொன்று, வில்மாவுக்கு ஐம்பத்தாறு. இந்த ஐம்பத்தாறு வருஷமும் கோரலுக்கு வயிற்றெரிச்சல்தான். ஆட்டுப் பண்ணையில் முதலாளியம்மா பழைய துணி கொடுத்தால் வில்மாவுக்குப் பூப்போட்ட கவுன் வரும், கோரலுக்கு ஏதாவது ஆம்பளைப் பையனின் கால்சட்டை வரும். வில்மா பத்து வருஷம் படித்தாள். கோரல் மூன்றாம் வருஷமே பண்ணைச் சமையலறைக்குப் போய்விட்டாள். பிறகு அவர்கள் வாழும் பில்பரா வட்டாரத்தில் இரும்புக்காக மலைகளை உடைக்க ஆரம்பித்தார்கள். எந்த மலையில் உடைக்கக் கூடாத பழைய இடம் இருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் அந்த ஜனங்கள் குடியிருந்த முகாமுக்கு வந்தபோது, இங்கிலீஷில் தங்குதடையில்லாமல் பேசத் தெரிந்த வில்மாவைத்தான் வெள்ளை வண்டி ஏற்றிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அந்த வண்டி வில்மா வீட்டு வாசலில் மட்டும்தான் நிற்கும்.

“அவளுக்கு மலையப் பத்தி என்ன தெரியும்? செருப்பு இல்லாம நாலு அடி நடப்பாளா?” என்று கோரல் புருஷனிடம் பொருமுவாள்.

புருஷன் டென்சில் ஊராட்சியில் சாலை போடும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். நாற்காலியை விட்டு எழாமலே பதில் சொல்வான். “உனக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டை வாங்கித் தரட்டுமா? போட்டுக்கிட்டு வீட்டைச் சுத்தி நட. நான் போட்டோ எடுக்கறேன்.”

“எடுப்ப, எடுப்ப. தலைய வெட்டிட்டு எடுப்ப.”

கோரலிடம் இல்லாத இன்னொன்றும் வில்மாவிடம் இருந்தது, பிறந்த காகிதம். வில்மா துறைமுக ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். கறுப்புப் பெண்களுக்கு அப்போது உள்ளே கட்டில் கிடையாது. பின்வராந்தாவில்தான் பிறந்தாள், ஆனாலும் முத்திரை குத்திய காகிதம் கிடைத்தது. கோரலின் காகிதத்தில் ஜூலை ஒன்று என்று இருக்கும். பண்ணைகளில் பிறந்த பாதிப் பேருக்கு ஜூலை ஒன்றுதான், எழுதிய குமாஸ்தாவுக்கு யோசிக்க நேரமில்லை. ஊர் என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தான்.

ஆனால் கோரலுக்குத் தான் பிறந்த இடம் தெரியும். நிறைமாதமாக இருந்த அவள் அம்மா ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது, கூடவே வலியும். மலையிடுக்கில் ஓர் அத்திமரம், அதன் பின்னால் ஒரு குகை. உள்ளே சுவர் நிறையக் கைகள். பாறைமேல் கையை வைத்து, வெள்ளைக் களிமண் கரைசலை வாயில் வைத்து ஊதி எடுத்த பதிவுகள். எத்தனை ஆயிரம் வருஷத்துக் கைகளோ, யார் கண்டது. மூன்றாம் நாள் அம்மா, கோரலின் கையையும் அந்தச் சுவரில் வைத்து ஊதினாள். கோரலுக்கு ஏழு வயதானபோது கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பெரிய பெரிய கைகளுக்குக் கீழே ஒரு கை, அத்திப்பழ அளவுதான் இருந்தது. அம்மாவின் பேரைச் சொல்ல மாட்டேன். இறந்தவர் பேரை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை.

அந்த ஜனங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் பிறந்த இடத்தைப் பற்றிப் பேசும் உரிமை அவருக்குத்தான். மற்றவருக்குத் தெரிந்திருந்தாலும், உரியவர் பக்கத்தில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அது திருட்டு. வில்மாவிடம் இல்லாத ஒன்று உலகத்தில் தன்னிடம் இருக்கிறது என்றால் அது இந்தக் குகை என்று கோரல் நினைத்துக்கொண்டிருந்தாள். வில்மாவுக்குக் குகையைப் பற்றித் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் மே மாதம், மலையைப் பார்வையிடப் போகும் குழுவில் கோரலின் பேரும் வந்தது. பழைய சுரங்கத்தைக் கிழக்கே நீட்டப் போகிறார்களாம், மூன்று நாள் நடை. முகாமின் அலுவலகப் பலகையில் தன் பேரைப் பார்த்ததும் கோரலுக்குக் கால் தரையில் பாவவில்லை. யார் பேரைக் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. ஒருவழியாக ஊருக்குக் கண் திறந்தது என்று நினைத்தாள். சமையலறை வேலைக்கு லீவு சொன்னாள். வண்டி வில்மாவின் வாசலில் நின்றுவிட்டு அவள் வாசலுக்கும் வந்தது.

வண்டியில் ஏறியதும் சட்டை கொடுத்தார்கள். வில்மாவின் சட்டையில் ‘வில்மா, தலைவி’ என்று நூலால் பின்னியிருந்தது. கோரலின் சட்டையில் ‘விருந்தினர்’ என்று எழுதியிருந்தது.

“அது பொதுச் சட்டைக்கா. எல்லாருக்கும் அதான் குடுப்பாங்க,” என்றாள் வில்மா.

“ஆமாமா. நான் விருந்துக்குத்தான வந்திருக்கேன்,” என்றாள் கோரல்.

பத்தடிக்கு ஓர் ஆளாக வரிசை கட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான் வேலை. கல்கருவி கிடந்தால் பக்கத்துச் செடியில் இளஞ்சிவப்பு நாடா கட்டுவார்கள். ஃப்ரேயா என்ற தொல்லியல்காரப் பெண் இடம் காட்டும் கையடக்கக் கருவி ஒன்றில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்வாள். நல்ல பெண், கன்னமெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. ஆனால் எதற்கெடுத்தாலும் அவள் வாயில் வில்மா பேர்தான். “வில்மா, இது என்ன கல்?” “வில்மா, இந்தப் பக்கம் போகலாமா?” அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் கோரலுக்குக் காது புகைந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த மலையிடுக்கின் வாய்க்கு வந்தார்கள். ஐம்பத்துச் சொச்சம் வருஷம் ஆகியிருந்தும் அத்திமரத்தின் தலை மேலே தெரிவதைப் பார்த்ததுமே கோரலுக்கு அடையாளம் தெரிந்தது. புது இடத்துக்குள் நுழையுமுன் அங்கே குரல் கொடுக்க வேண்டும். மலையில் ஆவியாய் இருக்கும் மூத்தவர்களைக் கூப்பிட்டு, நான் இன்னார், என்னோடு வருபவர்கள் இன்னார், கோபிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இடத்துக்கு உரியவள்தான் கூப்பிட வேண்டும். கோரல் தொண்டையைச் செருமினாள். அதற்குள் ஃப்ரேயா, “வில்மா, கூப்பிடுறீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

வில்மா கோரலைத் திரும்பிப் பார்த்தாள். கோரல் வேண்டுமென்றே குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினாள். கேட்டு வாங்குவதா? செத்தாலும் கேட்க மாட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வில்மா கூப்பிட்டாள். இடுக்கின் பாறைச் சுவர் அவள் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது, இரண்டு தரம். கோரலால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ‘என் மலைகூட அவளுக்குத்தான் பதில் சொல்லுது’ என்று உள்ளுக்குள் கொதித்தாள்.

ஃப்ரேயா தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே பார்த்தாள். சரிவு முழுக்கச் சரளைக்கல், ஏறினால் ஒரு மணி நேரமாவது ஆகும். சாயங்காலத்துக்குள் வண்டி திரும்ப வேண்டும்.

“வில்மா, அந்த இடுக்குல ஏதாவது இருக்குமா?”

வில்மா கோரலிடம் வந்து நின்றாள். “அக்கா, இது உன் பக்கம். நீ சொல்லு.”

கோரலுக்கு எல்லாம் கண்முன்னால் ஓடியது. இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? வில்மா முன்னால் ஏறுவாள். வில்மா கையை நீட்டிக் காட்டுவாள், ஃப்ரேயா படம் எடுப்பாள். தன் பிஞ்சுக் கைக்குப் பக்கத்தில் வில்மா சிரித்துக்கொண்டு நிற்பாள். அடுத்த வருஷத்து நாட்காட்டியில் அதுதான் வரும். அறிக்கையில் ‘தலைவி வில்மா காட்டிய குகை’ என்று எழுதுவார்கள். ‘விருந்தினர்’ சட்டை கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும்.

“ஒண்ணும் இல்ல,” என்றாள். “கங்காருச் சாணிதான் இருக்கும்.”

வில்மா நகரவில்லை. “நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா. அவசரமில்ல.”

“அதான் சொல்றேனே. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற?”

வில்மா இடுக்கை ஒரு தரம் பார்த்தாள். “அக்கா சொன்னா சரி,” என்றாள் ஃப்ரேயாவிடம். ஃப்ரேயா கருவியில் எதையோ தட்டினாள். எல்லாரும் வண்டிக்குத் திரும்பினார்கள்.

அன்று வீட்டில் கங்காரு வாலைத் தணலில் புரட்டிக்கொண்டே கோரல் டென்சிலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

“அடிப் பைத்தியமே! இல்லைன்னா சொன்ன?” டென்சில் அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். “இல்லைன்னு சொன்னா உடைப்பாங்க. அதுக்குத்தானே வந்து கேக்கறாங்க!”

“செப்டம்பர்ல பொதுக்கூட்டம் வருதுல்ல? உடைக்கறதுக்கு வருஷக்கணக்காகும். அதுக்குள்ள நான் எல்லார் முன்னாலயும் எந்திரிச்சுச் சொல்றேன். கம்பெனிப் பெரியவனை நானே கூட்டிட்டுப் போய்க் காட்றேன். அவ பின்னால வரட்டும்.”

“நாளைக்கே போய்ச் சொல்லு, கோரல்.”

“நாளைக்குச் சொன்னா அவகிட்டதான் சொல்லணும்.”

கூட்டத்துக்கென்று நீல ரவிக்கை ஒன்று தைத்து வைத்தாள். பேச வேண்டியதைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். செப்டம்பரில் முகாமில் ஒரு பெரியவர் போய்விட்டார். அடக்கம் முடியும்வரை அங்கே கூட்டம் கிடையாது, பேச்சு கிடையாது, யாரும் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டார்கள். உறவெல்லாம் பாலைவனத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து அழுது முடிக்க ஒன்பது வாரம் ஆயிற்று. கோரலும் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். கம்பெனிக்கு யார் செத்தால் என்ன, வேலை நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை கிழக்கே வெடி வைப்பார்கள். சமையலறை அலமாரியில் தட்டுகள் கலகலக்கும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

நவம்பர் கடைசியில் பள்ளிக்கூட மண்டபத்திலேயே கூட்டம் நடந்தது. தொண்ணூறு பேர் இருப்பார்கள். மேடையில் கம்பெனியிலிருந்து வந்த ஒரு மனிதன், பக்கத்தில் ஃப்ரேயா, முன்வரிசையில் வில்மா. கோரல் நீல ரவிக்கையில் எழுந்து நின்றாள். அவள் எழுந்து பேசி அந்த ஊர் பார்த்ததில்லை. மழையைச் சொன்னாள், அம்மாவின் வலியைச் சொன்னாள், அத்திமரத்தை, சுவரில் இருக்கும் கைகளை, கடைசியில் தன் கையைச் சொன்னாள். பிள்ளைகள்கூட சத்தம் போடவில்லை. கம்பெனி மனிதனைப் பார்த்து, “நாளைக்கு வண்டி எடுத்துட்டு வாங்க. நான் காட்றேன்,” என்று முடித்தாள்.

அவன் வரைபடத்தை விரித்தான். ஃப்ரேயா எழுந்து விரலால் இடத்தைக் காட்டினாள். காட்டிய விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவன் முகம் வெளுத்தது.

“அம்மா, அந்த இடம்... நவம்பர் ஒன்பதாம் தேதி காலை பதினொன்றரைக்கு வெடி வெச்சாச்சு. அங்க எதுவும் இல்லைன்னுதான் எங்ககிட்ட அறிக்கை இருக்கு.”

ஒன்பதாம் தேதி பதினொன்றரைக்கு அவள் பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் கிண்டிக்கொண்டிருந்தாள். தட்டுகள் ஆடின. ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிண்டினாள், அடிபிடித்துவிடுமே என்று.

மண்டபம் கொந்தளித்தது. “யாரு இல்லைன்னு சொன்னது? எவன் எழுதினான்?” என்று நாலாப் பக்கமும் கத்தினார்கள். ஃப்ரேயா அழுதுகொண்டே கோரலைப் பார்த்தாள், ஆனால் வாய் திறக்கவில்லை. அப்போது வில்மா எழுந்தாள்.

“நான்தான்,” என்றாள். “குழுவுக்குத் தலைவி நான். ஏறிப் பாத்திருக்கணும், பாக்கல. என்னைத் திட்டுங்க.”

அந்த நேரத்திலும், அய்யோ, அந்த நேரத்திலும் கோரலுக்கு வயிறு எரிந்தது. இதுவுமா இவளுக்கு? கவுனும் படிப்பும் வண்டியும் போய், என் பாவத்தையும் இவளே தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறாளா? ஊரே அவளைத் திட்டிவிட்டு, பிறகு அவள் பெருந்தன்மையை நூறு வருஷம் பேசும்.

“உக்காருடி!” கோரல் கத்திய கத்தலில் மண்டபம் அடங்கியது. “பொய் சொன்னது நான். என்னைத்தான் கேட்டா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ கேட்டா. நான்தான் இல்லைன்னேன்.”

“ஏன்?” என்றாள் ஃப்ரேயா, சின்னக் குரலில்.

“பொறாமை,” என்றாள் கோரல். “அவ மேல. வேற ஒண்ணும் இல்ல.”

உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த டென்சில் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் வண்டி முதலில் கோரலின் வாசலுக்குத்தான் வந்தது. முன்னிருக்கையை அவளுக்கு விட்டிருந்தார்கள். மடித்து வைத்திருந்த ஆரஞ்சுச் சட்டையைக் கம்பெனி மனிதன் இரண்டு கையாலும் நீட்டினான். அதில் ‘கோரல்’ என்று இருந்தது. இருபது வருஷமாக அவள் ஏங்கிய சட்டை. போட்டுக்கொண்டாள், அளவு சரியாக இருந்தது.

போகும் வழியில் பின்னிருக்கையிலிருந்து வில்மா பேசினாள்.

“அக்கா, கோவிச்சுக்காத. எனக்கு அந்த இடம் தெரியும்.”

கோரல் திரும்பவில்லை.

“நீ ஆஸ்பத்திரியில டென்சில் மாமா கூட இருந்தப்ப பெரியம்மாவ நான்தானே பாத்துக்கிட்டேன். சாகறதுக்கு முன்னால ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. தூக்கிட்டுத்தான் போனேன். உன் கையத் தொட்டுப் பாத்துட்டு, ‘இது கோரலோட இடம். அவ வாயாலதான் வரணும். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது’ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அந்த மலைய உடைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் என்ன செய்யறதுன்னே தெரியல. அதுக்குத்தான் குழுவுல உன் பேரக் குடுத்தேன். நீ சொல்லுவேன்னு.”

வண்டி ரொம்ப தூரம் போனபின் கோரல் கேட்டாள். “அம்மா என்னை எங்கேன்னு கேட்டாங்களா?”

“தினமும் கேட்டாங்க.”



சுரங்கத்தின் விளிம்பில் வண்டி நின்றது. மலை இருந்த இடத்தில் படிப்படியாக வெட்டிய பள்ளம் கீழே போனது. அடியில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. கம்பெனி மனிதன் வாக்கிடாக்கியில் ஏதோ சொன்னதும் எல்லா லாரிகளும் நின்றன. அத்திமரத்தின் ஒரு வேரைக்கூடக் காணோம். எந்தக் கல் எந்தக் கல்லோடு இருந்தது என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. ஃப்ரேயா தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றாள். வில்மா பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டாள். இடத்துக்கு உரியவள்தான் கூப்பிட வேண்டும், எல்லாரும் காத்திருந்தார்கள்.

எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது என்று கோரலுக்குத் தெரியவில்லை. கடைசியில் பள்ளத்தைப் பார்த்தே நின்றாள்.

“நான் கோரல்,” என்று கூவினாள். “இங்க பொறந்தவ. என்கூட என் தங்கச்சி வில்மா வந்திருக்கா.”

அன்றைக்கு வில்மாவுக்கு இரண்டு தரம் பதில் சொன்ன பாறைச் சுவர் இப்போது இல்லை. குரல் போனது போனதுதான். கோரல் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றாள். பிறகு சத்தத்தைக் கூட்டி இன்னொரு தரம் கூப்பிட்டாள்.